ஆற்றின் பங்கு

ரிஷிவந்தியத்தைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு நீர் மேற்கிலிருந்து வருகிறது. கல்வராயன் மலையில் பெய்யும் மழை கோமுகியாகவும் மணிமுக்தாவாகவும் இறங்கி, கள்ளக்குறிச்சி வட்டாரத்தை நனைத்து, இறுதியில் வெள்ளாற்று நீரோடு கலந்து பரங்கிப்பேட்டை அருகே கடலை அடைகிறது. வடக்கே திருக்கோவிலூரைத் தொட்டுக்கொண்டு தென்பெண்ணை ஓடுகிறது. அதன் கரையோரத்து ஜம்பையில், துறவியர் தங்குவதற்காக அதியமான் நெடுமான் அஞ்சி அளித்த குகையைப் பற்றிய தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு 1981ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டது அது.

துறவியர்க்கு வேண்டியவை சிலவே. தங்குவதற்கு ஒரு குகை, அருகில் நீர், அவ்வளவே. அவர்களால் பெண்ணையாற்றுக்கு எக்குறையும் நேர்ந்திராது. இல்லறத்தாராகிய நம் நிலை வேறு. நாம் உழ வேண்டும். ஆலை நடத்த வேண்டும். வீடு கட்ட வேண்டும். பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டும். இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் ஆற்றிலிருந்து ஏதேனும் ஒன்றை எடுத்தே தீர வேண்டியிருக்கிறது. நீரை எடுக்கிறோம், மணலை எடுக்கிறோம், கழிவைச் சுமந்து செல்லும் வேலையையும் ஆற்றின் தலையிலேயே வைக்கிறோம். அப்படியாயின் எவ்வளவு எடுக்கலாம்? எங்கே நிறுத்த வேண்டும்?

இவ்வினாவுக்குத் திட்டம் வகுப்போர் அனைவரும் ஒரே விடையையே கூறுகின்றனர். பொருளாதார வளர்ச்சிக்கும் சுற்றுச்சூழலுக்கும் இடையே சமநிலை வேண்டும் என்கின்றனர். கேட்பதற்கு இனிய சொல்தான். ஆயினும் தராசு என்றால் இரு தட்டுகள் உண்டு. அதைப் பிடிக்கும் கை ஒன்றும் உண்டு. எந்தத் தட்டில் யாருடைய பொருள் இருக்கிறது, பிடித்திருப்பது யாருடைய கை என்று கேளாமல் சமநிலையைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்பதையே இக்கட்டுரையில் சிந்திக்க விரும்புகிறேன்.

அணை தந்த வாழ்வு

முதலில் வளர்ச்சியின் பக்கத்து நியாயத்தைக் குறைவின்றிச் சொல்லிவிட வேண்டும்.

கல்வராயன் மலையடிவாரத்தில், கச்சிராயபாளையம் அருகே, கோமுகி அணை 1963 முதல் 1965 வரையான ஆண்டுகளில் கட்டப்பட்டது. 46 அடி உயரத்துக்கு ஏறத்தாழ 560 மில்லியன் கன அடி நீரைத் தேக்கக்கூடியது. அதனால் பத்தாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் பாசனம் பெறுகிறது. 36 அடி உயரமுள்ள மணிமுக்தா அணை ஏறத்தாழ 737 மில்லியன் கன அடி கொள்ளும். பெரிய அணைகளோடு ஒப்பிட்டால் இவை மிகச் சிறியவை. ஆனால் மழையை மட்டுமே நம்பிக் கம்பும் வரகும் விதைத்த குடும்பம் நெல்லும் கரும்பும் கண்டது இத்தகைய நீரால்தான். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் எழுந்தன. கரும்புப் பணத்தில் கூரை வீடு ஓட்டு வீடாயிற்று. பிள்ளைகள் கல்லூரி வாயிலை மிதித்தனர்.

ஆகவே, அணை கட்டியதே பிழை, ஆற்றை அப்படியே விட்டிருக்க வேண்டும் என்று வாதிடுவோரின் கூற்றை ஏற்பதற்கில்லை. பசியும் துன்பமே, பசியைப் போக்காமல் இருப்பதும் தீங்கே. வறண்ட நிலத்து உழவனிடம் சென்று ஆற்றைத் தொடாதே என்று அறிவுரை கூறும் உரிமை, மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குபவர்க்கு இல்லை. அருள் என்பது மரம், மீன், நீர்வாழ் நுண்ணுயிர் ஆகியவற்றின்பால் மட்டும் காட்டப்பட்டு, அண்டை வீட்டு மனிதனின்பால் வற்றிப்போகுமாயின் அது அருளாகாது.

நொய்யல் கற்பித்தது

இவ்வளவும் ஒப்புக்கொண்டபின், தமிழகத்திலேயே நடந்த வேறொரு வரலாற்றை நோக்குவோம். இந்த வினாவை அதைப்போலத் தெளிவாக விளக்கும் நிகழ்ச்சி வேறில்லை.

வெள்ளியங்கிரி மலையில் தோன்றும் நொய்யல், கோயம்புத்தூர், திருப்பூர் வழியாக ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. ஈரோடு, கரூர் பகுதிகளில் ஏறத்தாழ பத்தாயிரம் ஏக்கருக்குப் பாசனம் அளிக்கும் நோக்குடன் ஒரத்துப்பாளையத்தில் அதன் குறுக்கே ஓர் அணை கட்டப்பட்டு 1992இல் பயன்பாட்டுக்கு வந்தது. அதே ஆண்டுகளில் மேலே திருப்பூரில் பின்னலாடைத் தொழில் பெருவளர்ச்சி கண்டது. சில லட்சம் பேர் அங்கே வேலை பெற்றனர். வறண்ட மாவட்டங்களிலிருந்து பிழைக்கச் சென்ற பெண்களுக்கு அது கூலியையும் தந்தது, தனியே நிற்கும் தைரியத்தையும் தந்தது.

பருத்தித் துணியில் சாயம் ஏறுவதற்கு உப்பு மிகுதியாக வேண்டும். சாயம் நூலைப் பற்றிக்கொள்ள உப்பு துணைசெய்கிறது. ஆனால் உப்பு துணியில் தங்குவதில்லை. சேர்த்த உப்பு முழுவதும் கழிவுநீரோடு வெளியேறிவிடும். 1990களில் அமைக்கப்பட்ட சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தைக் குறைத்தன, அழுக்கைப் படியச் செய்தன. கரைந்த உப்பை அவற்றால் பிரிக்க இயலவில்லை. கண்ணுக்குத் தெளிந்த நீர் போலிருந்தது உழவனின் வயலில் உப்பாகப் படிந்தது.

உழவர்க்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவு தேங்கும் குட்டையாயிற்று. சுற்றுப்புறக் கிணறுகள் உவர்த்தன, தென்னை காய்ந்தது, கால்நடை குடிக்க மறுத்தது. உலகில் எங்கும் அணையின் கீழுள்ள உழவர்கள் மதகைத் திறக்கும்படி வேண்டுவர். இங்கோ, அணையைத் திறந்துவிடாதீர்கள் என்று கீழ்ப்பகுதி உழவர்கள் மன்றாடினர். அரசு பணம் செலவழித்து எழுப்பிய ஓர் அணைக்கு இதனினும் பெரிய தோல்வி உண்டோ?

உழவர்கள் நீதிமன்றம் சென்றனர். சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாது என்ற நெறியைச் சாயத் தொழிலுக்கு விதித்து 2006 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அது நிறைவேறாத நிலையில், 2011 ஜனவரி 28ஆம் நாள் திருப்பூர்ச் சாய ஆலைகள் அனைத்தையும் மூடும்படி அதே நீதிமன்றம் உத்தரவிட்டது. பல்லாயிரம் தொழிலாளர் வேலையிழந்தனர். பின்னர், கழிவுநீரைச் சவ்வுகளின் வழியே வடித்தும், எஞ்சியதை ஆவியாக்கியும், உப்புக் கரைசலை மீண்டும் சாயமேற்றவே பயன்படுத்தியும் ஆலைகள் படிப்படியாகத் திறக்கப்பட்டன. நீரின் பெரும்பகுதி திரும்பத் திரும்பப் பயன்படுகிறது.

இஃது ஓர் இனிய முடிவு என்று நிறுத்திவிட இயலாது. நீரை ஆவியாக்க எரிபொருள் எரிய வேண்டும். பிரிக்க இயலாத கலப்பு உப்புச் சேறு எங்கேனும் குவிந்து கிடக்க வேண்டும். எனினும் ஓர் உண்மை விளங்கிற்று. இயலாது என்று பதினைந்து ஆண்டுகள் சொல்லப்பட்டது, மூடப்பட்டபின் இயன்றது. இடைப்பட்ட காலத்தில் அந்தச் செலவை யார் கட்டினார்? சாயமிட்ட துணியை ஒருநாளும் விற்றறியாத உழவன் தன் கிணற்றாலும் தென்னந்தோப்பாலும் கட்டினான்.

தெரிந்தபின் செய்வது

இல்லறத்தார் ஒழுக்கத்தைக் கூறும் நம் நூல்கள் தீங்கினை நான்காகப் பகுப்பதை வாசகர்கள் அறிவர். வீட்டுப் பணிகளில் நேர்வது ஒன்று; தொழிலில் நேர்வது ஒன்று; தற்காப்பில் நேர்வது ஒன்று; எண்ணித் துணிந்து செய்வது ஒன்று. முதல் மூன்றையும் இல்லறத்தார் இயன்றவரை குறைத்துக்கொள்ள வேண்டும். நான்காவதை முற்றிலும் விலக்க வேண்டும். உழவனின் கலப்பையால் மண்ணுயிர் மடிகிறது என்பதற்காக அவனைக் கொலைஞன் என்று எவரும் சொல்வதில்லை.

இப்பகுப்பு ஆற்றுத் திட்டங்களுக்கும் பொருந்துகிறது. ஆனால் ஒரு கூர்மையோடு பொருந்துகிறது. சாய ஆலை தொடங்கியவர் எவரும் காங்கயத்து உழவனின் கிணற்றைக் கெடுக்க எண்ணித் தொடங்கவில்லை. அன்று நேர்ந்தது தொழில்வழித் தீங்கு. கிணறு உவர்த்தது தெரிந்து, காரணம் உப்பு என்பது தெரிந்து, காக்கும் வழியும் தெரிந்து, அதற்குச் செலவு மிகும் என்ற ஒரே காரணத்தால் மறுநாள் காலையும் அதே வாய்க்காலில் அதே நீரைத் திறந்துவிட்டால், அது எந்த வகையைச் சேரும்? கை அதேதான், செயலும் அதேதான். அறிவு மட்டுமே புதிதாக வந்திருக்கிறது. அறிவு வந்தபின் தொழில்வழித் தீங்கு துணிந்து செய்த தீங்காக மாறிவிடுகிறது என்பதே என் கருத்து. தெரியாது என்பது ஒருமுறைதான் சொல்லத்தக்க விடை.

இல்லறத்தார்க்கு விலக்கப்பட்ட பதினைந்து தொழில்களுள் ஏரி குளங்களை வற்றச் செய்வதும் ஒன்று என்பதை இங்கு நினைவுகூரலாம். பயனின்றி மண்ணைத் தோண்டுவதும் நீரைக் கொட்டுவதும் தீவினை என்று சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் கூறியுள்ளார். நீர்நிலையை வற்றச் செய்வதால் ஒருவர்க்கு வருவாய் உண்டு என்பது அக்காலத்தவர்க்கும் தெரிந்தே இருந்தது. வருவாய் உண்டு என்பதே அனுமதி ஆகிவிடாது என்பதையும் அவர்கள் அறிந்திருந்தனர்.

தராசு யார் கையில்?

ஒரு மனிதன் தன் ஆதாயத்தையும் தன் இழப்பையும் எடைபோட்டு முடிவு செய்தால் அது விவேகம். தன் ஆதாயத்தையும் பிறன் இழப்பையும் தன் தராசிலேயே எடைபோட்டுச் சரியாகிவிட்டது என்று கூறினால் அது விவேகமன்று, கவர்தல். நாட்டின் மொத்த வருமானக் கணக்கில் திருப்பூரின் ஏற்றுமதி பெரிய தொகை. உழவனின் கிணறு சிறிய தொகை. கூட்டிக் கழித்தால் மிச்சமே தெரியும். ஆனால் ஆதாயம் ஒரு தலையிலும் இழப்பு மற்றொரு தலையிலும் இருப்பதை அந்தக் கூட்டல் காட்டாது.

பாலாற்றுத் தோல் பதனிடும் தொழில் தொடர்பாக வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28ஆம் நாள் உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு இதையே சட்டத்தின் மொழியில் கூறிற்று. கெடுத்தவரே ஈடுசெய்ய வேண்டும். தீங்கு நேருமென்ற அச்சம் இருக்குமிடத்தில் முழுச் சான்று வரும்வரை காத்திராமல் முன்காப்பு செய்ய வேண்டும். தீங்கில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு தொழில் நடத்துபவரையே சாரும். நிலைத்த வளர்ச்சி என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு அது. எனினும் 2025 ஜனவரியில் அதே பாலாற்று மாசு பற்றி உச்சநீதிமன்றம் மீண்டும் ஒரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. இருபத்தெட்டு ஆண்டுகளில் ஒரு தலைமுறை பிறந்து, அதே கிணற்று நீரைக் குடித்து வளர்ந்துவிட்டது. சட்டம் வழி காட்டும். நடக்க வேண்டிய கால் மனச்சான்றே.

ஆகவே, ஆற்றுத் திட்டம் எதுவாயினும் கணக்கிடத் தொடங்கும் முன்னரே ஒரு பங்கை எடுத்து வைத்துவிட வேண்டும் என்று தோன்றுகிறது. தென்னாப்பிரிக்கா 1998இல் இயற்றிய நீர்ச் சட்டம் இவ்வாறே செய்கிறது. மக்களின் அடிப்படைத் தேவைக்கும் ஆற்றின் உயிர்வாழ்வுக்கும் உரிய நீரை முதலில் ஒதுக்கிய பின்னரே உழவுக்கும் தொழிலுக்கும் பங்கிட வேண்டும் என்பது அதன் நெறி. நம் நாட்டிலும் 2018 அக்டோபரில் மேற்கங்கைக்கு, ஹரித்துவார் வரையுள்ள பகுதிகளில், மாதச் சராசரி ஓட்டத்தில் 20 முதல் 30 விழுக்காடு வரை பருவத்துக்கு ஏற்ப ஆற்றிலேயே விடவேண்டும் என்று மத்திய அரசு அறிவிக்கை செய்தது.

நம் கோமுகியும் மணிமுக்தாவும் கங்கையைப் போன்றவை அல்ல. ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடப்பவை. இவற்றுக்கு உரிய பங்கு வேறு வடிவினது. புதுவெள்ளம் தடையின்றி ஓடி மணற்படுகையை நனைத்து ஊற்றுகளை உயிர்ப்பிக்க வேண்டும். கடைசி ஏரிவரை நீர் செல்ல வழி இருக்க வேண்டும். மணல், நீரைத் தாங்கும் அளவுக்கேனும் படுகையில் எஞ்ச வேண்டும். மணல் போன ஆறு, பஞ்சு போன மெத்தை போன்றது. வெள்ளம் வரும், போகும். கிணற்றுக்கு எதுவும் தங்காது.

மலைமேல் உள்ளோர், கடைமடையில் உள்ளோர்

ஆற்றின் பங்கை ஒதுக்குவது எளிதன்று. அதையும் ஒருவர் தலையில் சுமத்திவிடும் ஆபத்து உண்டு. கல்வராயன் மலைக் காடுகள் காக்கப்பட்டால்தான் சமவெளிக்கு நீர் என்கிறோம். அது உண்மையே. ஆனால் அம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் 1976 வரை ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தவர்கள். சாலையும் மருத்துவமும் பள்ளியும் அவர்களை மிகத் தாமதமாகவே சென்றடைந்தன. நமக்கு நீர் வேண்டும் என்பதற்காக அவர்களை மரம் வெட்டாதே, சரிவில் உழாதே என்று தடுத்து, அதற்கு ஈடாக எதுவும் தராதிருப்பதும், உழவனின் கிணற்றில் உப்பைக் கலப்பதும் ஒரே குற்றத்தின் இரு வடிவங்களே. காட்டைக் காப்பதன் பயன் சமவெளிக்கு உரியதாயின், காப்பதன் செலவிலும் சமவெளி பங்கு கொள்ள வேண்டும்.

நம் வாசகர்களுள் உழவர் பலர். நாமும் கணக்குக் கொடுக்க வேண்டியவர்களே. கரும்பு மிகுதியாக நீர் வேண்டும் பயிர். மோட்டாருக்கு மின்சாரம் இலவசம் ஆனபின் இரவு முழுவதும் நீர் ஓடுவதை எவரும் பெரிதாக எண்ணுவதில்லை. நம் ஆழ்துளைக் கிணறு இறங்க இறங்க, அருகிலுள்ள சிறு உழவனின் திறந்த கிணறு வற்றுகிறது. சாய ஆலைக்காரரைக் குறைகூறும் நாம், அவருடைய வாதத்தையே நம் வரப்பில் நின்று பேசுகிறோம்: என் நிலம், என் பணம், என் மோட்டார். நீர் மட்டும் என்னுடையதன்று என்ற நினைவு வருவதில்லை.

நிறைவதற்கு முன் நிற்றல்

2024 டிசம்பர் 2ஆம் நாள் அதிகாலையில், ஃபெஞ்சல் புயல் மழையால் நிரம்பிய சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஏறத்தாழ 1.68 லட்சம் கன அடி நீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. முந்தைய நாளில் ஊத்தங்கரையில் மட்டும் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியிருந்தது. திருக்கோவிலூர் முதல் கடலூர் வரை கரையோர ஊர்கள் வெள்ளத்தில் மூழ்கின. முன்னெச்சரிக்கை போதுமானதா, அணையில் முன்கூட்டியே இடம் ஒதுக்கியிருக்கலாமா என்ற வாதங்கள் எழுந்தன. அணையை நிரப்பி வைத்தால் கோடைக்கு நீர் உண்டு. வெள்ளத்துக்கு இடம் இல்லை. காலியாக வைத்தால் வெள்ளத்துக்கு இடம் உண்டு. மழை பொய்த்தால் உழவன் கலங்குவான். எந்தப் பொறியாளர்க்கும் இது கடினமான முடிவே. அத்தகைய மழை நாளில் நிற்காமல் முடிவெடுக்க நேர்ந்தவரை வீட்டிலிருந்தபடி பழிப்பது எளிது.

ஆனால் சிறிய கோமுகி அணையில் ஒரு வழக்கம் உண்டு. அதன் முழு உயரம் 46 அடி. மழைக்காலத்தில் பாதுகாப்புக் கருதி 44 அடியளவில் நிறுத்தி, மேல்வரும் நீரை ஆற்றில் விட்டுவிடுவதை அண்மை ஆண்டுகளில் கண்டு வருகிறோம். அந்த இரண்டடியும் நமக்குக் கிடைத்திருக்கக்கூடிய நீரே. ஆயினும் கீழே உள்ளவர்களின் உயிரை எண்ணி அது கைவிடப்படுகிறது. பொருள் வரைதல் என்று இல்லறத்தார்க்குச் சொல்லப்பட்ட விரதத்தின் பொருளும் இதுவே அன்றோ? ஏழ்மையை அது போதிக்கவில்லை. ஈட்டு, ஆனால் எவ்வளவு என்பதை ஆசை பெருகும் முன்னரே வரையறுத்துக்கொள் என்கிறது. பெட்டி நிறையும் நேரத்தில் வரம்பு கட்ட எவராலும் இயலாது. வெள்ளம் வந்தபின் அணையில் இடம் தேட இயலாததைப் போல.

ஆற்றுத் திட்டம் எதுவாயினும் நாம் கேட்க வேண்டியவை மூன்று. ஆற்றுக்கும் குடிநீருக்கும் உரியது முதலில் ஒதுக்கப்பட்டதா? ஆதாயம் பெறுபவரும் இழப்பு அடைபவரும் ஒருவரேயா. அல்லரெனில் இழப்பவர்க்கு அத்திட்டத்தை மறுக்கும் குரலும் உரிய ஈடும் உண்டா? தீங்கு தெரிந்த நாளிலேயே நிறுத்தும் வழி திட்டத்தில் இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்ற விடை கிடைக்குமாயின் அணையும் ஆலையும் வளரட்டும். அவற்றால் பசி தீரட்டும். ஒன்றுக்கேனும் விடை இல்லையெனில், எத்தனை கோடி வருமானம் வருவதாயினும் அது பிறர் பங்கை எடுத்து உண்பதேயாகும்.

அரசு செய்யும் வரை காத்திராமல் நம் வரப்பிலேயே தொடங்கலாம். இந்தப் பருவத்தில் நம் மோட்டார் எத்தனை மணி நேரம் ஓட வேண்டும் என்பதை விதைக்கும் முன்னரே வரையறுத்துக்கொள்வோம். நம் கிணற்று நீர் அடுத்த வயற்காரனுக்கும் ஊறும் நீரே.